ஐந்து ஆணிகளும் விலாங்கு சவுரியும்

இன்று காலை எங்கள் தெருச் சுவரில் யாரோ போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் காபியோடு உட்கார்ந்திருந்த எனக்குப் போஸ்டர் தெரியவில்லை. வாசனை மட்டும் ஏறி வந்தது. மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசை. பாதி கஞ்சி, பாதி செப்புக் காசைக் கடித்த மாதிரி ஒரு கைப்பு.

அவ்வளவுதான். காபி ஆறியது. நான் ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்தேன். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜமால் பாயின் சலூனில் பெஞ்சு ஓரத்தில் அச்சு மை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே சுழல் நாற்காலியில், கழுத்தில் துண்டும் முகம் முழுக்கச் சோப்பு நுரையுமாகச் சவுரி. சுவரில் யார் யாருக்கு ஆணி மிஞ்சும் என்று ஊரே வழக்காடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

போன இதழில் வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களில் நான்கு பேரை வரிசைப்படுத்தி எழுதினேன். தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்குக் கடிதங்கள். தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர், நான் பாக்ஸிங்கை விட்டுவிட்டுச் சுண்டைக்காய் வற்றலைப் பற்றி எழுதலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். எழுதத்தான் போகிறேன், அவர் பார்க்கட்டும். ஆனால் ஒரு கார்டில் கையெழுத்தும் இல்லாமல் ஒரே வரி இருந்தது. ‘சவுரியை எங்கே வைப்பீர்?’

அந்தக் கேள்விக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பதில் சொன்னேன். அது எப்படிப்பட்ட பதில் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மீன் தெரியாதவன்

அந்தக் காலத்தில் பாக்ஸிங்கின் முதல் குத்து நோட்டீஸில்தான் விழும். சண்டைக்குப் பத்து நாள் முன்னால் ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் வரும். வீரனுக்கு ஓர் அடைமொழி, எதிராளிக்கு ஒரு சவால், அடியில் நாலு வரிப் பாட்டு. அடைமொழி இல்லாதவன் சண்டைக்குக் கொட்டகை நிறையாது. அது ஒரு தடவை அச்சாகிவிட்டால் பெற்றவள் வைத்த பெயரும் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நான் வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவன். கவிதை எழுதுவேன் என்பது முதலாளிக்குத் தெரிந்துபோனதால் நோட்டீஸ் எழுதும் வேலையும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. ‘இடி’ எத்திராஜ் என்பது நான் வைத்த பெயர். அதற்காக எத்திராஜ் எனக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தான்.

சவுரிக்குப் பெயர் வைக்கும் முறை வந்தது யுத்தம் முடிகிற சமயம். சவுரிமுத்து என்பது முழுப் பெயர். துறைமுகத்தில் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவன். மேடையில் நிற்கிறவனை எங்கள் பக்கம் யாரும் ‘அவர்’ என்று சொல்வதில்லை. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

பெயர் வைப்பதற்காக அவன் சண்டை ஒன்றைப் பார்க்கப் போனேன். எதிராளியின் கை வரும்போது சவுரியின் முகம் அங்கே இருக்காது. கை போன பிறகு பார்த்தால் முகம் அங்கேயே இருக்கும். வியர்வையில் தோள் பளபளத்தது. தண்ணீருக்குள் வெளிச்சம் புரண்டு படுப்பது மாதிரி ஓர் அசைவு. எனக்குள் இருந்த கவிஞன் எழுந்து குதித்தான். விலாங்கு.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சைவம். தண்டையார்பேட்டையில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மீன்களோடு எனக்கிருந்த பழக்கமெல்லாம் அகராதியில்தான். அச்சுக்கோக்கும் முன்னால் தெருவில் போகிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வலையில் விலாங்கு ஏறினால் கல்மண்டபத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். பாம்பு மாதிரி இருக்கிறதென்று பெண்கள் கூடையில் சேர்க்க மாட்டார்கள். கையில் நிற்காது, வலையைச் சிக்கலாக்கும், விலையும் போகாது. அப்படிப்பட்ட பிராணியின் பெயரை ஆயிரம் ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, பசை காய்ச்சி, ராயபுரம் முழுக்க ஒட்டினோம்.

முதல் சுற்று மணி அடிப்பதற்குள் முன்வரிசை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. “டேய் விலாங்கு, நின்னு வாங்குடா” என்று ஒருவன் கத்தினான். அன்றைக்குச் சவுரி ஜெயித்தான். அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் துறைமுகப் பட்டத்தை யாரிடமும் விடாமல் வைத்திருந்தான். அந்த ஏழெட்டு வருஷமும் சிரித்தார்கள்.

என்னிடம் அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. ‘நோட்டீஸு’ என்று கூப்பிடுவான். ஒரே ஒரு தடவை, டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

“நீ விலாங்க கையால தொட்டுப் பாத்துகீறியா, நோட்டீஸு?”

இல்லை என்றேன்.

“அதான்” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தான். அந்த ‘அதான்’ இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

கொக்கிக்குக் கீழே

அவனுடைய வித்தை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க ஒரு நாள் துறைமுகத்துக்குப் போனேன். கப்பலின் அடிவயிற்றில் நாலைந்து பேர் நின்றார்கள். மேலே கிரேன். அதிலிருந்து ஆள் உயரக் கொக்கி ஒன்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இறங்கும். அதைப் பிடித்து மூட்டைக் கட்டின் கயிற்றில் மாட்ட வேண்டும். பயந்து தூரம் ஓடினால் பிடிக்க முடியாது. கிட்டே நின்றால் மண்டை இருக்காது. சவுரி கிட்டேதான் நின்றான். கொக்கி வந்தது. கழுத்தை ஓர் அங்குலம் நகர்த்தினான். அது காதோரமாகப் போய்த் திரும்பும்போது, தெருவில் எதிர்ப்பட்ட தோஸ்தின் தோளைத் தொடுவதுபோலப் பிடித்து மாட்டினான்.

மேடையிலும் அதேதான். வந்த கை திரும்புகிற வழியில் இடது கையால் லேசாக ஒரு தட்டு. தபாலாபீஸில் முத்திரை குத்துவார்களே, அந்த மாதிரி. ஒரு தட்டுக்கு ஒரு பாயிண்ட். ஒருவரையும் அவன் கீழே விழ வைத்ததில்லை. வாரம் முழுக்க மூட்டை சுமந்தவர்கள், யாராவது ஒருத்தன் மல்லாந்து விழுவதைப் பார்க்கத்தான் கொட்டகைக்கு வந்தார்கள். பாயிண்ட்டில் ஜெயிப்பது அவர்களுக்குக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்புவது மாதிரி.

சரி, சலூனுக்கு வருகிறேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு படம்

ஜமால் பாயின் சலூன் சுவரில் ஒன்பது குத்துச்சண்டைக்காரர்களின் படங்கள் தொங்கின. அந்தச் சுவரில் ஏறியவன்தான் எங்கள் பக்கத்தில் பெரிய ஆள். நடுவில் இடி எத்திராஜ். சவுரியின் படமும் உண்டு, கதவுக்குப் பின்னால், துண்டு காயும் கொடிக்குக் கீழே. கடை திறந்திருக்கும் வரை கதவு அவனை மறைத்துக்கொள்ளும். கடை சாத்தும்போதுதான் சாம்பியன் வெளியே வருவான்.

அந்த வருஷம் ஜமால் பாய் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தார். அது வந்தால் பாதிச் சுவர் போய்விடும். ஐந்து படங்களுக்கு மட்டும் இடம். எந்த ஐந்து என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அதே சமயத்தில்தான் சவுரியின் கிரேன் கும்பலை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். ஒரேயடியாகக் குடும்பத்தோடு போகிறான். திங்கட்கிழமை ரயில்.

அதற்கு முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். “நான் போனப்பறம் இங்க எனக்கு இன்னா கீது நோட்டீஸு? வூடு வாடகை வூடு. பட்டத்த வேற எவனாச்சும் தூக்கிக்குவான். அந்த ஒரு ஆணிதான்.”

பெயர் வைத்துக் கெடுத்தவன் நான். ஆகவே வக்கீலாகவும் நானே புறப்பட்டேன். சுவரில் இருந்த மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் சவுரியிடம் தோற்றவர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், ‘சவுரி பெரிய ஆள்தான்’ என்று ஒரு வார்த்தை வாங்கிவர நினைத்தேன். ஒருவருக்குச் சண்டை அன்று ஜுரமாம். ஒருவருக்குக் கையுறை ஈரமாம். ஒருவர் மத்தியானம் மாமியார் வீட்டில் எறா சாப்பிட்டுவிட்டாராம், அளவு தெரியாமல். இன்னொருவர் நடுவருக்கு ஒரு கண் சரியில்லை என்றார். எந்தக் கண் என்று கேட்டதற்கு இரண்டையும் சொன்னார். சவுரியிடம் யாரும் தோற்றதே இல்லை. எல்லாரும் வேறு எதனிடமோ தோற்றிருந்தார்கள்.

கடைசியாகத் திருவொற்றியூருக்குப் போனேன். எத்திராஜுக்கு அங்கே தீப்பெட்டி ஆலையில் மரம் தூக்கும் வேலை. அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கை இல்லை, கதவு. அவன் சவுரியிடம் இரண்டு தடவை தோற்றிருந்தான். பூட்ஸ் ஒரு சைஸ் பெரியது என்றான். இரண்டு தடவையுமா என்று கேட்டேன். அதே பூட்ஸ் என்றான்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி கன்னியம்மா பூட்ஸும் இல்லை ஒன்றும் இல்லை என்றாள். மற்ற சண்டை முடிந்து வரும்போதெல்லாம் மனுஷன் முகம் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருக்குமாம். இவள் அழுதுகொண்டே ஒத்தடம் கொடுத்து, ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பாளாம். சவுரியோடு போட்ட அன்று மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றானாம், ஒரு கீறல் இல்லாமல்.

“சண்டைக்குப் போனியா, டிராமா பாக்கப் போனியான்னு கேட்டேன், அவ்ளோதான். ரெண்டு நாள் சுவத்தப் பாத்துகினு படுத்துகினான்” என்றாள்.

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “அடி வாங்கித் தோத்தா வூட்டுல சொல்லிக்கலாம். அடியே வாங்காம தோத்தா இன்னான்னு சொல்றது?” என்றான்.

இதையே ஞாயிற்றுக்கிழமை சலூனில் வந்து சொல்லேன் என்றேன். வருகிறேன் என்றான். சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

கோணிச் சாக்கு

வந்தான். கன்னியம்மாவும் கூட வந்தாள், கல்மண்டபத்தில் மீன் வாங்கலாம் என்று. சலூன் பெஞ்சில் இடமில்லை, வாசலிலும் கூட்டம். ஜமால் பாய் சவுரியின் முகத்தில் நுரை குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். ஒருவனையும் வீழ்த்தாதவன் சாம்பியனா என்று பெஞ்சு கேட்டது. நான் எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். கொக்கி, கடல், காற்று எல்லாம் வந்தது.

ஜமால் பாய் பிரஷை உதறினார். “பேச்சு நல்லா கீது தம்பி. சுவரு என்னுது” என்றார்.

எத்திராஜைப் பேசச் சொன்னார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. “ஒரு எடத்துல நின்னான்னா இப்பகூட நான் தொட்டுக் காட்றேன்” என்று சொல்லிவிட்டான்.

நான் குதித்தேன். மூன்று நிமிஷம், ஒரு சுற்று. வாசலில் ஒரு கோணிச் சாக்கை விரிப்போம். சவுரி அதைவிட்டுக் கால் எடுக்கக் கூடாது. இப்போது முகத்தில் இருக்கிற நுரையில் ஒரு துளி எத்திராஜின் கையில் ஒட்டினாலும் சவுரியின் படம் இறங்கட்டும். ஒட்டாவிட்டால் ஐந்து ஆணியில் ஓர் ஆணி அவனுக்கு. பெஞ்சு கைதட்டியது. ஜமால் பாய்கூடத் தலையாட்டினார்.

சவுரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். “மறுபடியும் நீதானா, நோட்டீஸு” என்றான்.

சாக்கை விரித்தோம். ஜமால் பாய் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கால் நகர்கிறதா என்று பார்க்கும் நடுவர் வேலை எனக்கு. நான் சுவரோரமாகச் சாக்கின் ஓரத்தில் குந்தினேன். கூட்டம் முழுக்க எத்திராஜின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

முதல் நிமிஷம் சவுரியைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்பதை நெருங்கும் ஒரு மனுஷன், கழுத்தில் துண்டோடு, நுரைத் தாடியோடு, சாக்கின் மேல் நிற்கிறான். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எத்திராஜின் கை வந்தது. வந்த காற்றில் நுரையின் ஓரம் சிலிர்த்தது. அவ்வளவுதான். வலது கை, இடது கை, மறுபடி வலது. சவுரி எதையோ மறுப்பவன் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இல்லை. இல்லை. அங்கே இல்லை.

இரண்டாவது நிமிஷம் சிரிப்பு நின்றது. ஏழெட்டு வருஷமாகப் பார்த்த சண்டையை அவர்கள் அப்போதுதான் முதல் தடவை பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நெற்றிப் பொட்டில் இருந்த ஒரு சின்ன நுரைக் குமிழ்கூட உடையவில்லை. வெயிலில் அது வண்ணம் காட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் வாசித்த எந்தச் செய்யுளிலும் அப்படி ஒரு தளை தட்டாமை இல்லை.

மூன்றாவது நிமிஷம் சிரிப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை எத்திராஜைப் பார்த்து. “இடி எங்க இடிக்குது மாமு?” என்று ஒருவன் கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எத்திராஜுக்கு மூச்சு இரைத்தது. மார்புக்குள் யாரோ மரம் அறுப்பது மாதிரி ஒரு சத்தம். வாசல் குழாயடியில் மீன் கூடையோடு நின்ற கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை வாயில் கடித்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவுரியும் அவளைப் பார்த்துவிட்டான். அதை நான் பார்த்தேன்.

எத்திராஜின் கடைசிக் கை வந்தது. பெரிய வட்டம் போட்டு, சோர்ந்து, எட்டு வயசுப் பிள்ளைகூடக் குனிந்து தப்பிக்கக்கூடிய கை. சவுரி விலகவில்லை. முகத்தை அரை அங்குலம் முன்னால் நகர்த்தினான். இடது கன்னம்.

மூடிய கை

கன்னத்தில் விரல் வழுக்கிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. கூட்டத்துக்குத் தெரிந்தது எத்திராஜின் முதுகு மட்டும். மூன்று நிமிஷம் முடிந்தது என்று ஜமால் பாய் சொன்னார்.

எத்திராஜ் கையை விரிக்கவில்லை. முஷ்டியாக மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் நுரை பொங்கியது, பால் பொங்குவது மாதிரி. அவன் அந்தக் கையைப் பார்த்தான், சவுரியைப் பார்த்தான், மறுபடி கையைப் பார்த்தான். அவன் முரடன், முட்டாள் இல்லை. கை போய்த் தொடவில்லை, கன்னம்தான் வந்து தொட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பட்டதா என்று ஜமால் பாய் கேட்டார்.

“பட்ச்சு” என்றான் சவுரி.

“படல” என்றான் எத்திராஜ்.

“பட்ச்சுடா.”

“படலன்றேன்ல. யார் கை? என் கை. எனக்குத் தெரியாதா?”

அடி வாங்கியவன் வாங்கினேன் என்றும், அடித்தவன் அடிக்கவில்லை என்றும் சண்டை போடுவதை உலகத்தில் எந்தக் கொட்டகையும் பார்த்திருக்காது. கையைக் காட்டு என்றார் ஜமால் பாய். எத்திராஜ் நேராகப் போய் வாசல் வாளியில் முழங்கை வரை முக்கினான். கை கலீஜாக இருந்ததாம், கழுவினானாம். கன்னத்தைப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. சுற்று முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைப்பது சவுரியின் பழக்கம். வழக்கம்போல முழுசாகத் துடைத்துவிட்டு நின்றான், தனக்கு எதிரான சாட்சியைத் தானே தொலைத்துவிட்டு.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான்தானே நடுவர்.

நான் எழுந்து நின்றேன். சவுரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், தானாகக் கன்னம் கொடுத்ததைச் சொல்லாதே என்று. எத்திராஜும் பார்த்தான். தண்ணீர் சொட்டும் அந்தக் கதவுக் கையோடு என்னை அவன் பார்த்த பார்வையில் கொஞ்சம் கெஞ்சலும் மீதி மிரட்டலும் இருந்தன.

“படவில்லை” என்றேன். “காலும் நகரவில்லை.”

வாசகரே, நான் சொன்ன பொய் அது. என் நோட்டீஸில் ஓர் எழுத்துப் பிழைகூட இருந்ததில்லை, அந்த நோட்டீஸ்தான் அவனைக் கெடுத்தது. இந்தப் பொய் அவனுக்கு ஆணி வாங்கிக் கொடுத்தது. இதில் தர்மம் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் எனக்குக் கார்டு போடலாம்.

ஜமால் பாய் கதவுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து, வேட்டி நுனியால் தூசி துடைத்து, ஐந்து ஆணியில் ஒன்றில் மாட்டினார். நடுவில் என் படம்தான் என்று எத்திராஜ் பிடிவாதம் பிடித்தான். அதை விட்டுக்கொடுத்தோம். சவுரி அவனுக்கு வலது பக்கம். பெஞ்சில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஈரக் கையுறைக்காரர்தான் படம் சாய்ந்திருப்பதாகச் சொல்லி நேராக்கினார்.

சரி, கார்டுக்காரருக்குப் பதில். போன வாரம் எழுதிய நான்கு பேருக்கும் மேலே சவுரியை வைக்கிறேன். எத்திராஜுக்கும் மேலேதான், எத்திராஜ் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில். மற்றவர்கள் எதிராளியின் முகத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். இவன் எழுதாமல் விட்ட முகங்கள்தான் அந்தச் சுவர் முழுக்கத் தொங்கின. அந்த இரண்டு நிமிஷமும் ஐம்பது வினாடியும் போதும் எனக்கு. மீதிப் பத்து வினாடியைச் சேர்த்தால் எந்த வரிசையிலும் அடங்க மாட்டான்.

மத்தியானம் ஆகிவிட்டது. திருவொற்றியூர் பஸ் நிற்கும் முனை வரை நாங்கள் நால்வரும் நடந்தோம். கன்னியம்மா கூடையோடு முன்னால் போனாள். சவுரிக்கு அடுத்த நாள் காலை ரயில். தூரத்தில் பஸ் தெரிந்ததும் எத்திராஜ் சவுரி பக்கம் திரும்பினான்.

“சவுரி, அந்தக் கன்னத்த நீயா குடுத்தே?”

சவுரி அவன் தோளில் கை வைத்து லேசாகத் தள்ளினான்.

“கேக்காத எத்தி. கேட்டா நான் பொய் சொல்லணும். வண்டி வந்துருச்சு, ஏறு.”